தேசிக்காய்ப் புளியும் நாம் விடும் மூச்சும்

சாவகச்சேரியிலிருந்து வாசகி ஒருவர் எமக்கு எழுதிய கடிதத்தில் மூன்று வினாக்கள் உள. முதலாவது அவருடைய மகனைப் பற்றியது. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் அப்பிள்ளை, பரீட்சை நெருங்கிவிட்டமையால், இரவு பத்து மணி வரையும் 'சித்திரிக்கமிலம், சக்சினிக்கமிலம், பியூமரிக்கமிலம், மலிக்கமிலம்' என்று மந்திரம் ஓதுவாரைப் போல ஓதிக்கொண்டிருக்கின்றானாம். இந்தப் பெயர்களைப் பாடமாக்கி ஆவதென்ன, தேசிக்காயிலுள்ள புளிப்புக்கும் மனிதன் மூச்சு விடுவதற்கும் என்ன தொடர்பு என்பது அவ்வன்னையின் கேள்வி. இரண்டாவது வினா மாமியாரைப் பற்றியது. புழுங்கலரிசியன்றி வேறொன்றை உலையிலிட விடாமலும், வடித்த கஞ்சியை வெளியே ஊற்ற விடாமலும் அம்மூதாட்டி பிடிவாதம் பண்ணுகின்றார். பிள்ளைகளோ தும்பைப் பூப்போன்ற வெள்ளைப் பச்சையரிசிச் சோறே வேண்டுமென்கின்றனர். நியாயம் யார் பக்கம்? மூன்றாவது வினா பித்தளைப் பாத்திரத்தையும் புளியையும் பற்றியது. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதலிரு வினாக்களையும் வெவ்வேறெனக் கருதியே அவர் எழுதியிருக்கின்றார். அவை இரண்டும் ஒரே வினாவென்று நாம் கூறினால் பேரனும் நம்பமாட்டான், பாட்டியாரும் நம்பமாட்டார். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது.

மூச்சு என்பது யாது? நெஞ்சு விரியக் காற்று உட்செல்வதும், ஒடுங்க அது வெளிவருவதும் மூச்சென்றே நாம் பொதுவாகக் கொள்கின்றோம். ஆனால் அது கொல்லனுடைய துருத்தியின் வேலை மட்டுமே. துருத்தி வேறு, உலையிலுள்ள தீ வேறு. அந்தத் தீ உடலில் எங்கே, எவ்வாறு எரிகின்றது என்பதற்கு விடை காண மனிதனுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

பிரான்சு தேசத்து இலவோசியர் 1780களில், இலப்பிளாசு என்னும் கணித மேதையுடன் சேர்ந்து, கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் அடைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகின்றதென நிறுத்துப் பார்த்தார். அப்பிராணி வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவையும் அளந்தார். அவ்வளவு வாயு உண்டாகத்தக்க கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுமோ, ஏறக்குறைய அவ்வளவே பிராணியின் சூட்டினாலும் உருகிற்று. சுவாசம் என்பது மெழுகுதிரி எரிவதை ஒத்த எரிதலே, ஆனால் மிக மெதுவான எரிதல் என்று அவர் துணிந்தார். 1794 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி புரட்சிக்காரர் அவருடைய தலையைக் கொய்துவிட்டனர். எஞ்சிய வேலை பிறருக்கு வந்து சேர்ந்தது.

எரிதல் சுவாசப்பையிலன்று, குருதியிலுமன்று, உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளுமே நடைபெறுகின்றதென்று பின்வந்தோர் காட்டினர். ஆயினும் பெரும் புதிரொன்று எஞ்சி நின்றது. சீனியை நெருப்பிலிட்டால் சுவாலை விட்டெரிகின்றது. அச்சீனியே எமது உடலில் 37 பாகை வெப்பத்தில், நீரின் நடுவே, சுவாலையின்றிப் புகையின்றி எரிந்து முடிகின்றது. மாரி காலத்தில் ஈரவிறகுடன் மல்லாடிய இல்லத்தரசிக்கு இது எத்துணை விந்தையென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாமறிந்த விடை இது. உண்ட சோறு செரித்துக் குளுக்கோசு என்னும் சீனியாகிக் குருதியிற் கலந்து கலத்தை அடைகின்றது. குளுக்கோசு மூலக்கூறொன்றில் ஆறு காபன் அணுக்கள் உள. கலத்திலுள்ள நொதியங்கள் அதனைப் பத்துப் படிகளில் இரண்டாகப் பிளந்து, மும்மூன்று காபனணுக்கள் கொண்ட பைருவிக்கமிலம் ஆக்குகின்றன. இதுவரையும் ஒட்சிசன் வேண்டப்படவில்லை. கிடைத்த சக்தியும் சொற்பமே. கள்ளுமுட்டியில் நொதிக்கும் மதுவம் ஏறக்குறைய இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. பைருவிக்கமிலத்தை மதுசாரமாக மாற்றி வெளியே தள்ளிவிட்டுத் தன் பாட்டைப் பார்க்கின்றது. சீனியிலிருந்த சக்தியிற் பெரும்பகுதி மதுசாரத்தினுள்ளேயே தங்கிவிடுகின்றது. சாராயத்திற் தீக்குச்சியைக் காட்டினால் அது பற்றியெரிவதன் காரணமும் இதுவே.

நாம் அவ்வாறு நிற்பதில்லை. பைருவிக்கமிலம் இழைமணி எனப்படும் நுண்ணுறுப்பினுட் புகுகின்றது. ஒரு கலத்தில் இவை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் உண்டு. இருதயத் தசைக்கலத்தின் பருமனில் மூன்றிலொரு பங்கு இவையே. இழைமணியினுள்ளே முதலாவது வாயிலிற் பைருவிக்கமிலம் தன் காபனணுக்களில் ஒன்றைக் காபனீரொட்சைட்டாக உதறிவிட்டு, எஞ்சிய இரண்டு காபனணுக்களுடன் அசற்றைல் என்னும் துண்டாகி, துணைநொதியம் ஏ என்னும் காவியின் தோளில் ஏறிக்கொள்கின்றது. இந்த வாயிலை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். மாமியாரின் வழக்கு இங்கேதான் தீரப்போகின்றது.

உள்ளே நான்கு காபனணுக்கள் கொண்ட ஒட்சலோவசற்றிக்கமிலம் காத்திருக்கின்றது. நான்கும் இரண்டும் கூட, ஆறு காபனணுக்கள் கொண்ட சித்திரிக்கமிலம் பிறக்கின்றது. தேசிக்காய்ச் சாற்றில் நூற்றுக்கு ஐந்து ஆறு பங்காக இருந்து எமது பல்லைக் கூசச் செய்வது இதுவே. சுவீடன் நாட்டு மருந்துக் கடைக்காரரான சீலே என்பவர் 1784 இல் எலுமிச்சஞ் சாற்றிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்ததும் இதுவே. பழத்திலிருப்பதற்கும் கலத்திலிருப்பதற்கும் அணுவளவும் வேற்றுமையில்லை. பின்பு அது படிப்படியாக உருமாறுகின்றது. வழியில் இரண்டு காபனணுக்கள் காபனீரொட்சைட்டாகக் கழிகின்றன. நான்கு படிகளில் ஐதரசன் அணுக்கள் இவ்விரண்டாகக் கழற்றப்படுகின்றன. சக்சினிக்கமிலம், பியூமரிக்கமிலம், மலிக்கமிலம் என உருவெடுத்து, ஈற்றில் மீண்டும் அந்த ஒட்சலோவசற்றிக்கமிலமே வந்து நிற்கின்றது. மறுபடி ஓர் அசற்றைல், மறுபடி ஒரு சுற்று.

செக்கிற் பூட்டிய மாட்டை நினைத்துப் பார்ப்போம். மாடு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகின்றது. பார்ப்பவனுக்கு அது எங்கும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் புதிய எள் நசுங்குகின்றது, எண்ணெய் வடிகின்றது. மாடு தேய்ந்து போவதில்லையாதலால் செக்குக்கு ஒரு மாடே போதும். அதுபோல ஒட்சலோவசற்றிக்கமிலம் சிறிதளவு இருந்தாற் போதும். மலையளவு உணவை அது எரித்துத் தள்ளும். சீனி மட்டுமன்று. தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பும் மீனிலுள்ள புரதமும் உடைந்து உருமாறி ஈற்றில் இந்தச் செக்குக்கே வந்து சேருகின்றன.

பாடமாக்கும் பிள்ளைக்கு இவ்விடத்தில் ஒரு குறிப்பு. சக்சினம் என்பது இலத்தீன் மொழியில் அம்பர் என்னும் பிசின்கல்லின் பெயர். அதனைக் காய்ச்சி வடித்தெடுத்தமையாற் சக்சினிக்கமிலம் என்றனர். பியூமாரியா என்பது ஒரு பூண்டின் பெயர். மாலும் என்பது அப்பிள் பழம். பெயருக்குள்ளே பொருள் இருப்பதையறிந்து படித்தால் நாவுக்குச் சுமை குறையும்.

இனி, உள்ளிழுத்த ஒட்சிசன் எங்கே போயிற்று? இந்தச் சுற்றில் எவ்விடத்திலும் அது நேரே வந்து கலந்துகொள்ளவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு, உள்ளிழுத்த ஒட்சிசன் கரியுடன் கூடி உண்டானதென்றே பலரும் எண்ணுகின்றனர். இலவோசியரும் அவ்வாறே எண்ணினார். உண்மையில், சுற்றிற் கழற்றப்பட்ட ஐதரசனின் இலத்திரன்கள் இழைமணியின் உட்சவ்வில் வரிசையாக நிற்கும் காவிகளின் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒட்சிசனை அடைய, அங்கே உண்டாவது நீர். இவ்வாறு நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் நீர் எமது உடலுக்குள்ளேயே பிறக்கின்றது. ஒட்சிசன் வந்து அந்த இலத்திரன்களை ஏற்காவிட்டாற் காவிகளின் கை ஒழியாது. கை ஒழியாவிட்டாற் சுற்றும் நின்றுவிடும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து உண்டாகும் சயனைட்டு நஞ்சு தாக்குவதும் இந்தக் கடைசிப் படியையே. மரவள்ளியை மூடாமல் அவிக்க வேண்டுமென்று வற்புறுத்திய எமது மூதாட்டிமார் இப்படியைப் பற்றி அறிந்திராவிட்டாலும் நஞ்சை அறிந்திருந்தனர்.

கைமாறும்போது வெளிப்படும் சக்தி, அடினோசின் முப்பொசுபேற்று என்னும் பொருளாகச் சேமிக்கப்பட்டு, தசை அசைவதற்கும் நரம்பு செய்தி கடத்துவதற்கும் செலவாகின்றது. மதுவத்தைப்போல இடைவழியில் நின்றால் ஒரு குளுக்கோசுக்கு இந்தச் செலவுக்காசு இரண்டு. முழுவழியும் போனால் முப்பது அல்லது முப்பத்திரண்டு. பழைய பாடநூல்கள் 36 என்றும் 38 என்றும் கூறும். பரீட்சையில் எதனை எழுதுவதென்பதைப் பிள்ளை தன் ஆசிரியரிடமே கேட்டுக்கொள்வது புத்தி.

இச்சுற்றைக் கண்டு கூறியவரின் கதையும் கேட்கத்தக்கது.

ஹன்ஸ் அடொல்வ் கிரெப்ஸ் 1900 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் ஒரு யூத வைத்தியரின் மகனாகப் பிறந்தார். தாமும் வைத்தியம் கற்று, 1926 முதல் நான்கு ஆண்டுகள் பேர்லினில் ஒற்றோ வார்பேர்க் என்னும் பேரறிஞரிடம் உதவியாளராக இருந்தார். உயிருள்ள இழையத்தை மெல்லிய சீவல்களாகச் சீவிக் கண்ணாடிக் குடுவையிலிட்டு, அது எவ்வளவு ஒட்சிசனை உட்கொள்கின்றதென்பதைக் குழாயிலுள்ள திரவத்தின் ஏற்றவிறக்கத்தால் அளக்கும் கலையை அங்கே கற்றார். 1932 இல் பிறைபேர்க் நகரிற் பணிபுரிகையில், ஈரலில் யூரியா எவ்வாறு உண்டாகின்றதென்பதைக் கேர்ட் ஹென்செலைற் என்னும் மாணவருடன் ஆராய்ந்து, அது ஒரு சுற்றாக நடைபெறுகின்றதென வெளியிட்டார். அவர் புகழ் பரவிற்று. அடுத்த ஆண்டு, 1933 ஏப்ரிலில், இற்லரின் ஆட்சி யூதரை அரசாங்க உத்தியோகங்களிலிருந்து நீக்கும் சட்டத்தை இயற்றியது. கிரெப்ஸ் வேலையிழந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர் கௌலண்ட் ஹொப்கின்ஸ் அழைக்க, அவ்வாண்டு யூன் மாதத்திலே இங்கிலாந்து சென்றார். சொத்தென்று கொண்டுபோனவை சில நூல்களும், அளவுக் கருவிகளுமே. அக்கருவிகளை நாட்டை விட்டுக் கொண்டுசெல்ல அனுமதி கிடைத்தது அறிவுலகத்தின் நற்பேறு எனலாம்.

1935 இல் அவர் ஷெபீல்ட் நகரில் விரிவுரையாளரானார். அங்கே வில்லியம் ஜோன்சன் என்னும் மாணவருடன் செய்த பரிசோதனைகளிற் புறாவின் மார்புத் தசையே பொருளாயிற்று. ஓயாது சிறகடிக்கும் தசையாதலால் அதன் சுவாசம் வலிது. ஹங்கேரி நாட்டுச் சென்ற் ஜோர்ஜி என்பார் ஏற்கெனவே ஒரு விந்தையைக் கண்டிருந்தார். நறுக்கிய தசையிற் பியூமரிக்கமிலம் போன்றவற்றைச் சிறிதளவு இட்டால், அவ்வமிலம் எரிவதற்கு வேண்டியதைப் பார்க்கிலும் எவ்வளவோ மிகுதியான ஒட்சிசன் உட்கொள்ளப்பட்டது. சித்திரிக்கமிலமும் அவ்வாறே செய்வதைக் கிரெப்ஸ் கண்டார். இட்டது எரிந்து போகவில்லை, செக்கு மாட்டைப் போல மீண்டும் மீண்டும் உழைக்கின்றது என்பதற்கு இது முதற் சான்று.

அடுத்த சான்று இன்னும் நுட்பமானது. சக்சினிக்கமிலமும் பியூமரிக்கமிலமும் அடுத்தடுத்த வீட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே படி. அந்தப் படியை மலோனிக்கமிலம் என்னும் நஞ்சினால் அடைத்துவிடலாம். அடைத்த பின்பு தசையிற் பியூமரிக்கமிலத்தை இட்டாற் சக்சினிக்கமிலம் உண்டாகக் கூடாது. ஆனால் உண்டாயிற்று, அதுவும் ஏராளமாக! கோயிலின் கிழக்கு வீதிக்கும் தெற்கு வீதிக்கும் இடையிலுள்ள மூலையை வேலியிட்டு மறித்துவிட்டோமென்று வைத்துக்கொள்வோம். தெற்கு வீதியில் விட்ட ஒருவர் சற்று நேரத்திற் கிழக்கு வீதியில் வந்து நின்றால், அவர் மேற்கு வீதியும் வடக்கு வீதியும் சுற்றியே வந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை. பியூமரிக்கமிலம் மறுபக்கத்தால், சித்திரிக்கமிலத்தின் வழியாகச் சுற்றியே வந்திருந்தது. சித்திரிக்கமிலம் எவ்வாறு உடைகின்றதென்பதை மார்ட்டியஸ், குனூப் என்னும் இருவர் அவ்வாண்டிலேயே ஜேர்மனியிற் காட்டியிருந்தனர். எஞ்சிய ஒரு கண்ணியை, அதாவது ஒட்சலோவசற்றிக்கமிலத்தை இட்டாற் சித்திரிக்கமிலம் உண்டாகின்றதென்பதை, கிரெப்சும் ஜோன்சனும் தசையிலே நேரிற் கண்டனர். வட்டம் பூர்த்தியாயிற்று.

1937 யூன் மாதத்தில் இதனைச் சுருக்கமாக எழுதி இலண்டனிலுள்ள 'நேச்சர்' சஞ்சிகைக்கு அனுப்பினார். ஏழெட்டுக் கிழமைகளுக்குப் போதிய கடிதங்கள் கைவசம் இருப்பதால் இப்போது ஏற்க இயலாதென்று பதில் வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்ட பின்னர் அவருக்கு நேர்ந்த முதலாவது மறுப்பு அது. கட்டுரை ஒல்லாந்து நாட்டுச் சஞ்சிகையொன்றில் இரண்டு மாதங்களுக்குள் அச்சேறிற்று. பதினாறு ஆண்டுகளின் பின், 1953 இல், அதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது. துணைநொதியம் ஏ என்னும் காவியைக் கண்டுபிடித்த பிரிற்ஸ் லிப்மனும் அப்பரிசிற் பங்குபெற்றார். அவரும் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதரே. பத்திராதிபர் கூட்டத்தைச் சேர்ந்த எமக்கும் இக்கதையில் ஒரு குத்தல் உண்டு. திருப்பி அனுப்பிய கடிதங்களை எண்ணிச் சில வேளைகளில் நாமும் உறக்கமிழப்பதுண்டு.

கிரெப்ஸ் 1981 இற் காலமானார். 2015 ஆம் ஆண்டு அவருடைய நோபல் பதக்கத்தைக் குடும்பத்தார் இலண்டனில் ஏலத்தில் விற்று, தம் நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட விஞ்ஞானிகளுக்கு உதவும் நிதியொன்றுக்கு அப்பணத்தை ஒதுக்கினர்.

இனி மாமியாரின் வழக்கு. முன்னர்க் கூறிய வாயிலிலே, பைருவிக்கமிலம் ஒரு காபனணுவை உதறும் இடத்திலே, நொதியத்துக்குக் கைக்கருவியாக உதவும் பொருள் தயமின் என்னும் விற்றமின் பீ1. சுற்றினுள்ளே பாதிவழியில் இன்னுமொரு காபனணு உதறப்படும் ஓரிடத்திலும் அதுவே வேண்டும். தயமின் இல்லையேற் சோற்றுக்குக் குறைவில்லாதிருந்தும் செக்கு நின்றுவிடும். களஞ்சியம் நிறைய நெல்லிருக்க, அடுப்படியிற் பட்டினி கிடப்பதை ஒக்கும் நிலை இது. முதலில் வாடுபவை ஓயாது உழைக்கும் இருதயமும் நரம்புகளும். கால் மரத்துப் போகும்; உடல் வீங்கும்; மூச்சு இளைக்கும். இந்நோய்க்கு உலகமெங்கும் வழங்கும் பெயர் பெரிபெரி. அது 'இயலாமை'யைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததென்று அகராதிகள் பல கூறுகின்றன.

தயமின் நெல்மணியில் எங்கே இருக்கின்றது? உமிக்கு உள்ளே, வெள்ளைப் பகுதிக்கு வெளியே, தவிட்டிலும் முளையிலும். நீராவி ஆலைகள் கீழைத்தேயங்களுக்கு வந்து, அரிசியைத் தீட்டித் தீட்டி முத்துப்போல வெளுப்பாக்கத் தொடங்கியதும், தவிடு மாட்டுக்குப் போயிற்று. பெரிபெரி மனிதனுக்கு வந்தது. 1890 ஆம் ஆண்டை அண்டி, யாவாவிலுள்ள இராணுவ வைத்தியசாலையில் ஐக்மன் என்னும் ஒல்லாந்து வைத்தியர், தமது கோழிகள் கால் தள்ளாடி விழுந்தமையையும், பின்னர்த் திடீரெனத் தேறியமையையும் கண்டு காரணம் தேடினார். நோயுற்ற காலத்திற் கோழிகளுக்குக் கிடைத்தது வைத்தியசாலைச் சமையலறையின் எஞ்சிய வெள்ளைச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்கலாகாதென்று மறுத்துவிட, அவை தீட்டாத அரிசிக்கு மாறியிருந்தன. அந்தச் சமையற்காரரின் கஞ்சத்தனம் 1929 இல் ஐக்மனுக்கு நோபல் பரிசாகப் பலித்தது.

மலாயாவிற் கண்டதோ எமது மக்களுக்கே நேரே உரியது. அங்கே சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் வெள்ளையரிசியை உண்டு பெரிபெரியாற் பெருந்தொகையாக மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அணுகவேயில்லை எனலாம். அவர்கள் உண்டது புழுங்கலரிசி. பிராடன் என்னும் வைத்தியர் இவ்வேற்றுமையை 1907 இல் நூலாக எழுதி வெளியிட்டார். வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேருகின்றதென அவர் எண்ணினார். கண்டது சரி, கூறிய காரணம் பிழை. அதே காலத்திற் பிளெச்சர் என்னும் வைத்தியர் கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் வைத்தியசாலையில், நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றை எண்ணினரை ஒருபுறமும் இரட்டை எண்ணினரை மறுபுறமுமாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வெள்ளையரிசியும் மற்றச் சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் ஒருவரும் இறக்கவில்லை. அந்நோயாளரிடம் எவரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இக்காலத்தில் எந்த வைத்தியசாலையும் அவ்வாறு செய்யத் துணியாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரிற் கரையும் தயமின் தவிட்டிலிருந்து மணியின் உட்பகுதிக்கு ஊறிச் சென்றுவிடுகின்றது. பின்பு குத்தினாலும் தீட்டினாலும் அதிற் பெரும்பங்கு அரிசியுடனேயே நிற்கும். பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். இதுவே புழுங்கலின் இரகசியம். ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் றுடொல்வ் பீற்றர்ஸ் என்பார் 1930களில் வெள்ளையரிசி மட்டும் உண்ட புறாக்களின் மூளையை ஆராய்ந்து, அதிற் பைருவிக்கமிலம் எரியாமல் தேங்கிக் கிடப்பதையும், குடுவையிலே சிறிது தயமினை இட்டவுடன் அது மீண்டும் ஒட்சிசனை உட்கொள்வதையும் காட்டினார். தயமின் எந்த வடிவில் அங்கே வேலை செய்கின்றதென்பது லோமன், சூஸ்ரர் என்போரால் வெளிப்பட்டது 1937 இல். கிரெப்ஸ் தமது வட்டத்தை வரைந்த அதே ஆண்டில். பேரன் ஓதும் பெயர்களும் பாட்டியாரின் அரிசிப் பானையும் சந்திக்கும் இடம் இதுதான்.

தாய்மாருக்கு ஒன்றைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். பெரிபெரியிற் கொடியது கைக்குழந்தைகளுக்கு வருவது. தாயின் உணவிற் தயமின் குறைந்தாற் பாலிலும் குறையும். தாய் ஓரளவு நலமாகவே தோன்றுவாள். இரண்டு மூன்று மாதக் குழந்தையோ மூச்சிளைத்து, சில வேளைகளிற் குரலடைத்து, வாய் திறந்து அழுதும் ஒலி வெளிவராத நிலையை அடையும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திற் பிலிப்பைன் தீவுகளில் எண்ணிறந்த குழந்தைகள் இவ்வாறு மாண்டன. மணிலாவில் தவிட்டின் சாற்றைப் பருக்கியபோது, சாகக் கிடந்த குழந்தைகள் சில மணி நேரத்துள் கண் விழித்துப் பால் குடித்தன. அக்காட்சியைக் கண்ட றொபேட் வில்லியம்ஸ் என்னும் இரசாயனர், அச்சாற்றினுள் இருந்தது யாதென இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேடி, 1936 இல் தயமினைச் செயற்கையாகவே ஆக்கிவிட்டார். அவர் பிறந்தது தென்னிந்தியாவில், நெல்லூரில்.

இது பழங்கதையென்று தள்ளிவிட முடியாது. 2003 ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டில் விற்பனையான ஒரு சோயாக் குழந்தைமாவிற் தயமின் இல்லாது போனமையாற் குழந்தைகள் சில இறந்தன. வேறு சில ஊனமுற்றன. கம்போடியா, லாவோஸ் முதலிய நாடுகளிற் கைக்குழந்தைப் பெரிபெரி இந்நூற்றாண்டிலும் காணப்பட்டிருக்கின்றது. மதுவுக்கு அடிமையானோரிடத்தும், கருவுற்ற காலத்தில் ஓயாத வாந்தியினால் உணவு தங்காத பெண்களிடத்தும் இக்குறை மூளையைத் தாக்குவதுண்டு; அவ்வாறானோர் வைத்தியரை நாடத் தாமதித்தல் ஆகாது. உடலிலுள்ள தயமினின் இருப்பு ஏறக்குறைய 30 மில்லிகிராம். வரவு நின்றால் அது இரண்டு மூன்று கிழமைக்கே போதும்.

ஆகவே எமது தீர்ப்பு: அரிசி விடயத்தில் மாமியார் பக்கமே நியாயம். கஞ்சி விடயத்திலும் அவரே வென்றார். அரிசியைப் பலமுறை கழுவும்போதும் கஞ்சியை வடித்து ஊற்றும்போதும் தயமின் நீரோடு போகின்றது. ஆயினும் பிள்ளைகள் வெள்ளைச் சோறு உண்டமையாற் பெரிபெரி வந்துவிடுமென்று மருமகள் அஞ்ச வேண்டியதில்லை. பருப்பும் பயறும் மீனும் முட்டையும் நாள்தோறும் இலையில் விழும் வீட்டிற் தயமின் அவற்றிலிருந்து கிடைத்துவிடும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பாலூட்டும் தாய்க்கு 1.4 மில்லிகிராம். கிழமையில் நான்கு நாள் புழுங்கல், மூன்று நாள் பச்சை என்று உடன்படிக்கை செய்துகொண்டால் வீட்டிற் சமாதானமும் நிலவும். வடித்த கஞ்சியிற் சிறிது உப்பும் தேங்காய்ப் பாலும் விட்டு, இரவு பத்து மணிக்கு ஓதிக்கொண்டிருக்கும் மாணவனிடம் கொடுத்துப் பார்க்கலாம். தேசிக்காய்ப் புளியும் இரண்டு துளி விடலாம். ஆனால் அதனாற் சுற்று விரைவாகச் சுழலுமென்று எண்ண வேண்டாம். கலம் தனக்கு வேண்டிய சித்திரிக்கமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். புளி விடுவது வாய்க்கு ருசியாக இருக்கவே.

பித்தளைப் பாத்திரத்திற் புளிக்கறி வைக்கலாமா என்னும் மூன்றாவது வினாவுக்கு இடம் போதாது. அடுத்த ஞாயிறு எழுதுவோம். அதுவரையும் புளியை மண்சட்டியிலேயே கரைத்து வைக்குமாறு அந்த வாசகியைக் கேட்டுக்கொள்கின்றோம்.